பருத்தித்துறையிலிருந்து வந்த போத்தல்

1. சனிக்கிழமை காலை

"ஐயா, உங்கடை லாப்பிலை இருந்து இவர் நேற்றுக் கொண்டந்த றிப்போட்டிலை என்ன இருக்கு?"

லாப்பைத் திறந்து மின்விசிறியைப் போட்ட கையோடு வந்த தொலைபேசி அழைப்பு அது. பெண்குரல். அழுது முடித்துவிட்டுப் பேசுகிற குரல். ஆரம்மா கதைக்கிறது என்று கேட்டேன். பருத்தித்துறை என்றார். கணவரின் பெயரைச் சொன்னார்.

"நேற்றுப் பின்னேரம் வந்ததிலை இருந்து ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. சாப்பிடேல்லை. இண்டைக்கு விடியத் தனிய வள்ளத்தை எடுத்துக்கொண்டு போட்டார். வலை வீட்டிலை கிடக்கு ஐயா. வலையில்லாமல் என்ன தொழிலுக்குப் போறது?"

அந்தக் கரையில் கடலுக்குப் போவதைத் தொழிலுக்குப் போவது என்றுதான் சொல்வார்கள். வலை இல்லாமல் தொழில் இல்லை என்பது சுன்னாகத்தில் இருக்கிற எனக்கும் விளங்கும்.

றிப்போட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எழுதியவனே நான்தான். ஆனால் அவருடைய பரிசோதனை முடிவை அவர் சம்மதமில்லாமல் மனைவிக்குக்கூடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "அதை அவரிட்டைத்தான் பிள்ளை கேக்கோணும்" என்றேன்.

"அவர் திரும்பி வந்தாத்தானே ஐயா கேக்கிறது?"

எதற்கும் தேதி போட்டு வைப்பது என் பழக்கம். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்கிய நாளைக்கூடக் குறித்து வைத்திருப்பேன். இந்தச் சம்பவத்துக்கு மட்டும் இங்கே ஆண்டும் தேதியும் போடவில்லை. குடாநாடு சின்ன இடம். தேதி தெரிந்தால் ஆளைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். கந்தசஷ்டி முடிந்து மழை தொடங்கியிருந்த கிழமை என்பது மட்டும் போதும். அவரைச் சிவநேசன் என்றும் மனைவியைத் தர்ஷினி என்றும் இங்கே அழைக்கிறேன். இரண்டும் நான் வைத்த பெயர்கள்.

2. எஸ்.எவ்.ஏ.

அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எம்.எல்.ரி. எனும் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒரு சிறிய தனியார் லாப்பில் சேர்ந்தேன். இரத்தம், சிறுநீர், சளி எல்லாம் பார்ப்போம். அவற்றில் நான் பயந்து பயந்து செய்யும் பரிசோதனை ஒன்றே ஒன்று: எஸ்.எவ்.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் விந்துப் பரிசோதனை.

செய்வது கடினம் என்பதால் அல்ல. போத்தலை இன்குபேட்டரில் உடல் சூட்டில் வைத்து, இளகியதும் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு மைக்றோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எத்தனை இருக்கின்றன என்று எண்ண வேண்டும். அதைக் கவுண்ட் என்போம். எத்தனை நீந்துகின்றன, எத்தனை நின்ற இடத்தில் துடிக்கின்றன, எத்தனை சும்மா கிடக்கின்றன என்று பிரிக்க வேண்டும். அது மொட்டிலிற்றி. அசையாதவை அதிகம் என்றால் சாயம் விட்டுப் பார்ப்போம். உயிரோடு இருப்பது சாயத்தை உள்ளே விடாது. செத்தது சிவந்துபோகும். பிறகு வடிவம். நூற்றுக்கு நாலு சரியான வடிவத்தில் இருந்தாலே போதும் என்பதுதான் நடைமுறை அளவு. இதைச் சொன்னால் படித்தவர்களும் நம்புவதில்லை. "மிச்சம் தொண்ணூற்றாறும் பழுதோ?" என்று கேட்பார்கள். ஓம், எல்லாருக்கும் அப்படித்தான்.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. சீனி கூடிவிட்டது என்று சொன்னால் ஒருவர் மருந்து எடுப்பார். கொழுப்புக் கூடினால் இரண்டு நாளைக்கு வடையை விடுவார். இந்த றிப்போட்டில் இருக்கிற எண்ணை மட்டும் ஆண்கள் தங்கள் பெயரைப் போல எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பரிசோதனை தீர்ப்பு அல்ல. ஒரு காய்ச்சல் வந்தாலும் கவுண்ட் விழும். விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதமளவில் செல்லும் என்பதால், இன்றைக்குக் காண்பது மாரியில் வந்த டெங்குவின் தழும்பாகவும் இருக்கலாம். குறைந்தது இரண்டு தடவை, இடைவெளி விட்டுப் பார்க்காமல் எந்த டொக்டரும் முடிவு சொல்ல மாட்டார். ஆனால் கடித உறையை வழியில் கிழித்துப் பார்க்கிற மனிதருக்கு இதையெல்லாம் யார் பக்கத்தில் நின்று சொல்வது?

3. அசையாத தட்டு

சிவநேசனுக்குக் கலியாணமாகி ஆறு வருடம். எங்கள் ஊர் வழக்கப்படி முதலில் மனைவியைத்தான் எல்லா இடமும் கொண்டு திரிந்தார்கள். ஸ்கான், ஹோமோன், நேர்த்தி, நூல். எல்லாம் முடிந்து, பெண் நோயியல் டொக்டர் கொஞ்சம் கண்டித்துச் சொன்ன பிறகுதான் ஆள் வந்தார். அதுவும் விரதம் முடியட்டும் என்று காத்திருந்து வந்தார். விரத காலத்தில் இந்தப் பரிசோதனைக்கு எங்களிடம் ஒருவரும் வருவதில்லை.

முதல் தடவை லாப்பிலேயே கொடுக்கச் சொன்னோம். எங்களிடம் இருப்பது காத்திருப்போர் இருக்கிற நீள வாங்குக்கு நேரே திறக்கிற ஒரு சின்ன அறை. வாங்கில் அன்றைக்கு அவருடைய மாமியின் ஊர்க்காரர் ஒருவர் இரத்தம் கொடுக்கக் குந்தியிருந்தார். அறைக்குள் போனவர் வெறும் போத்தலோடு வெளியே வந்து, "ஏலாது அண்ணை, வீட்டிலை எடுத்துக்கொண்டு வாறன்" என்றார். மோட்டச்சைக்கிளில் புத்தூர் வழியாக வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். அதனால் சம்மதித்தேன். கவுன்ரரில் இருக்கும் அனுஷா, எல்லாருக்கும் சொல்வதுபோல அவருக்கும் சொல்லி அனுப்பினாள்: "சிந்தாமல், பழுதாகாமல், கெதியாக் கொண்டு வாங்கோ."

வியாழக்கிழமை காலை கொண்டுவந்தார். பொலித்தீன் பையில், பேப்பரால் சுற்றியிருந்தது. அனுஷா வாங்கி நேரத்தை எழுதி இன்குபேட்டரில் வைத்தாள். கேட்க வேண்டியவற்றைக் கேட்டாள். எத்தனை மணிக்கு எடுத்தது, சிந்தியதா, எத்தனை நாள் இடைவெளி. எல்லாம் சரி. நான் இன்னொரு வேலையில் இருந்தேன். தட்டைப் பார்க்கும்போது ஆள் போய்விட்டார்.

கவுண்ட் நன்றாக இருந்தது. எண்ணி மாளாத அளவு. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை.

புதுத் துளி எடுத்தேன். வேறு தட்டு. அதே காட்சி. மணல் பரப்பியது போலக் கிடந்தன. சாயம் விட்டேன். பெரும்பாலும் சிவப்பு. இத்தனை வருடத்தில், இவ்வளவு நிறைய இருந்தும் இவ்வளவு அமைதியாக இருந்த தட்டை நான் பார்த்ததில்லை. பிறப்பிலேயே வால் அசையாத நோய் ஒன்று இருக்கிறது, மிக அரிது. சவர்க்காரம் பட்டாலும் இப்படி ஆகும். மருந்து தடவிய ஆணுறையில் எடுத்தாலும் ஆகும். அதைக் கேட்க அவருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. தொழிலுக்குப் போகிறவர்கள் பகலில் நித்திரை கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மொட்டிலிற்றி என்ற இடத்தில் பூச்சியம். கீழே ஆங்கிலத்தில் டொக்டருக்குக் குறிப்பு எழுதினேன்: மாதிரி எடுத்த விதத்தையும் கொண்டுவந்த விதத்தையும் விசாரித்து, மீண்டும் செய்ய வேண்டும். உறையை ஒட்டினேன். டொக்டரின் கிளினிக் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை நான் வர முன்னரே அவர் வந்து உறையை வாங்கிப் போய்விட்டார். வெள்ளிக்கும் புதனுக்கும் இடையில்தான் அந்த மனிதர் தனித்து விடப்பட்டார்.

அவர் நெல்லியடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து உறையைக் கிழித்தார் என்பது பின்னர் தெரிந்தது. பூச்சியம் என்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. மற்றச் சொற்களைப் போனில் தேடியிருக்கிறார். உயிரற்றது என்று போன் சொல்லியிருக்கிறது. நான் எழுதிய குறிப்பை அவர் தேடவில்லை.

4. கரை

சனிக்கிழமை காலை தர்ஷினியின் அழைப்புக்குப் பிறகு சிவநேசனின் போனுக்கு எடுத்தேன். ஓஃப். கரைக்கு வாறன் என்று தர்ஷினிக்குச் சொல்லி, அனுஷாவிடம் லாப்பை ஒப்படைத்துவிட்டு மோட்டச்சைக்கிளை எடுத்தேன். புத்தூர் தாண்டும்போது மழை பிடித்தது. போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பூச்சியத்தை எழுதிய கை சும்மா இருக்க மறுத்தது, அவ்வளவுதான்.

கரையில் வள்ளங்கள் இழுத்து ஏற்றியிருந்தன. வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டதால் அன்றைக்குப் பலர் இறங்கவில்லை. வலை வைக்கிற ஓலைக் கொட்டிலான ஒரு வாடிக்குள் தர்ஷினி மணலில் குந்தியிருந்தார். பக்கத்தில் அவருடைய தமையன் கண்ணன், மழை உடுப்போடு எஞ்சினில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"ஆர் இவர்?" என்றார் கண்ணன்.

"அவருக்குத் தெரிஞ்ச ஐயா" என்று தர்ஷினி முந்திக்கொண்டார். என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பிழை அவரிலைதான் எண்டு எனக்கு விளங்குது ஐயா. நீங்கள் சொல்ல வேண்டாம். ஆறு வருசமா என்னை மலடியெண்டு சொல்லேக்கை அவர்தான் எனக்காகச் சண்டை பிடிச்சவர். எனக்குப் பிள்ளை வேண்டாம். ஆள் வந்தாப் போதும்" என்றார்.

நான் கண்ணனின் பக்கம் திரும்பினேன்.

கண்ணனுக்குப் பயம் கோபமாக வந்துகொண்டிருந்தது. "விசரன்! கண்டறியாத விசர். வலையில்லை, ஆளில்லை, காத்துக்கை என்ன மண்ணுக்குப் போனவன்? ஒரு கிழமையா ஆள் சரியில்லை ஐயா. வியாழக்கிழமை விடிய வந்து என்னட்டை மீன் ஏத்துற றெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் வாங்கினவன். அண்டைக்கு வலைப்பாடும் இல்லை, மீனும் இல்லை. மோட்டச்சைக்கிள்ளை பெட்டியைக் கட்டுறான். சுன்னாகத்துக்கு எண்டான். சுன்னாகத்திலை ஆருக்கடா வெறும் ஐஸ் விக்கப்போறாய் எண்டு கேட்டன். சிரிச்சுப்போட்டுப் போறான்."

வியாழக்கிழமை. ஐஸ். சுன்னாகம்.

பழுதாகாமல் கொண்டு வா என்றால் ஒரு கடற்றொழிலாளி என்ன செய்வார்? தகப்பன் காலம் தொட்டுக் கைபழகிய வேலையைச் செய்வார். போத்தலைத் தூள் ஐஸுக்குள் புதைத்து, மூடியைக் கயிற்றால் கட்டி, கவனமாக, ஒரு துளி சிந்தாமல் கொண்டுவருவார். லாப் வாசலில் பெட்டியைத் திறந்து, வெட்கத்தில் போத்தலை மட்டும் துடைத்து, பேப்பரால் தடிப்பாகச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். இன்குபேட்டர் அதைச் சூடாக்கிவிடும். நான் தட்டைப் பார்க்கும்போது ஐஸின் அடையாளமே இருக்காது. உடம்பின் சூட்டில் வாழ்கிற ஒன்றை இப்படி ஐஸில் புதைத்தால் அது தாங்காது.

அந்தப் பூச்சியம் அவருடையது இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் கடலில் இருந்தார்.

கண்ணனும் இன்னொருவரும் வள்ளத்தைத் தள்ளி இறக்கினார்கள். நான் தனியே தண்ணீரின் ஓரத்துக்குப் போனேன். அவருடைய இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று வைத்தேன். காற்று இரைந்ததால் கத்த வேண்டியிருந்தது.

"தம்பி, நான் சுன்னாகம் லாப்பிலை இருந்து கதைக்கிறன். நீர் போத்தலை ஐஸுக்கை வைச்சோ கொண்டந்தனீர்? ஐஸ் பட்டா எல்லாம் செத்துப்போம் தம்பி. ஆரின்ரை எண்டாலும் சாகும். என்ரை எண்டாலும் சாகும். உது உம்மடை றிப்போட் இல்லை, ஐஸின்ரை றிப்போட். உம்மட்டை நிறைய இருக்கு, கவுண்ட் வடிவா இருக்கு. திரும்பிச் செய்வம். உம்மடை மனிசி கரையிலை குந்திக்கொண்டிருக்கிறா. வாரும்."

அனுப்பினேன். ஒற்றைச் சரிக்குறி விழுந்தது. போய்ச் சேரவில்லை என்று பொருள்.

அதன்பிறகு நான் செய்த வேலை, அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை திரையைத் தொட்டால் துடைப்பேன். பார்ப்பேன். ஒற்றை. கண்ணனின் வள்ளம் கண்ணுக்கு எட்டாமல் போனது. கடலின் நிறம் சாம்பலாகி, வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தர்ஷினி அவருடைய போனுக்கு அழைப்பதையும் நிறுத்திவிட்டார். இரண்டு மூன்று பெண்கள் வந்து ஒன்றும் பேசாமல் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அந்தக் கரையில் பெண்கள் அப்படி வந்து இருந்தால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அவர்களைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பின்னேரமாகிவிட்டது. திரையைத் துடைத்தபோது இரண்டு குறி இருந்தது.

போன் உயிரோடு இருக்கிறது. போனை யாரோ போட்டிருக்கிறார்கள். குறிகள் நீலமாகின. கேட்டுவிட்டார். பதில் வருமென்று பார்த்தேன். வரவில்லை. அழைத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. நீலக்குறி வந்த பிறகுதான் எனக்குப் பயம் கூடியது. கேட்டும் நம்பவில்லை என்றால்?

முதலில் கேட்டவர் தர்ஷினி. எழுந்து நின்றார். "எங்கடை எஞ்சின்" என்றார். எனக்கு அலையின் இரைச்சல் மட்டுமே கேட்டது. கொஞ்சம் பொறுத்து, மழைக்குள்ளிருந்து ஒரு நீல வள்ளம், அதற்குப் பின்னால் கண்ணனின் வள்ளம்.

5. கரையில் கதைத்தது

கண்ணன் வள்ளத்திலிருந்து குதித்ததும் மைத்துனனுடைய சேட்டைப் பிடித்து உலுக்கினார். "வலையில்லாமல் என்ன கண்டறியாத தொழிலடா உனக்கு?"

"எஞ்சின் ஓடிப் பாக்கப் போனனான்" என்றார் சிவநேசன். தர்ஷினி அழவில்லை, ஏசவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து அவருடைய தலையைத் துடைக்கத் தொடங்கினார். பலர் பார்த்துக்கொண்டு நிற்க, துடைத்துக்கொண்டே நின்றார்.

பிறகு நாங்கள் இருவரும் வாடிக்குப் பின்னால் தனியே நின்றோம். அவருடைய பற்கள் குளிரில் அடித்தன.

"பழுதாகாமல் கொண்டு வாங்கோ எண்டு அந்தப் பிள்ளை சொன்னவ அண்ணை" என்றார். "ஐஸிலை வைச்சா ஒண்டும் பழுதாகாதெல்லோ."

"அது மீன் இல்லையடா தம்பி."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. நான் கேட்டேன். "போனை ஓஃப் பண்ணி வைச்சனீர். பேந்து ஏன் போட்டனீர்?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு நினைச்சுப் போட்டனான். உங்கடை குரல் வந்துது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதோடு வீட்டுக்குப் போகவும் இல்லை. அவரிடம் சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே டொக்டருக்குப் போன் எடுத்தேன். டொக்டர் புதன்கிழமை வரை வைக்கவில்லை. அடுத்த நாளே இருவரையும் கூப்பிட்டு நீண்ட நேரம் கதைத்தார். மனநலப் பிரிவில் ஒருவரிடமும் அனுப்பினார். சிவநேசன் போனார். அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று கண்ணனே கூட்டிக்கொண்டு போனார்.

6. இரண்டாம் தட்டு

அடுத்த பரிசோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். அன்றைக்கு லாப் பூட்டியிருக்கும். வாங்கில் ஒருவரும் இல்லை. கவுன்ரரில் தர்ஷினி மட்டும் இருந்தார். போத்தல் அறையிலிருந்து இன்குபேட்டருக்குச் சில அடி தூரம்தான் பயணம் செய்தது.

தட்டை வைத்துக் குனிந்தேன். நான் கடற்கரையில் சொன்னது ஒரு ஊகம். ஐஸ்தான் காரணம் என்று கத்தியிருக்கிறேன். இதுவும் அசையாவிட்டால், நான் அவரை ஒரு பொய்யைச் சொல்லித்தான் கரைக்கு இழுத்திருக்கிறேன்.

குவியத்தைத் திருகினேன்.

அசைந்தன. எல்லாம் இல்லை. வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் குறைவு. சில நேரே போயின, சில வட்டம் அடித்தன. நான் கண்ணை எடுக்காமல் அவரைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"உதுகளோ?"

"ஓம், உதுகள்தான்."

நீண்ட நேரம் பார்த்தார். "உதுகளைப் பிடிக்க அந்தளவு சின்னக் கண் உள்ள வலை என்னட்டை இல்லை அண்ணை" என்றார். கவுன்ரரில் இருந்து தர்ஷினி, "என்ன சிரிப்பு அங்கை?" என்று கேட்டார்.

அளவுக்குச் சற்றுக் கீழே என்பது பிள்ளை இல்லை என்பதல்ல. சற்று மேலே என்பது பிள்ளை உண்டு என்ற உறுதியும் அல்ல. அதை அன்றைக்கு இருவரையும் பக்கத்தில் இருத்தி, டொக்டரோடு போனில் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினோம். பிள்ளை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தட்டு ஒரு போத்தலைப் பற்றித்தான் பேசும், மனிதரைப் பற்றி அல்ல. அந்தப் போத்தல் என்ன வழியால், எதற்குள் இருந்து, யாருடைய கையால் வந்தது என்று தெரியாமல் எண்ணை வாசிக்காதீர்கள். கொண்டுவருபவர் என்ன தொழில் செய்கிறார் என்றும் கேளுங்கள். எங்கள் லாப்பில் கொடுக்கும் தாளில் இப்போது ஒரு வரி இருக்கிறது: ஐஸில் வைக்க வேண்டாம், சேட்டுக்குள் உடம்போடு சேர்த்து வைத்துக் கொண்டுவரவும். அனுஷா கலியாணமாகிப் போன பிறகு வந்த பிள்ளை அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"சேர், உதை ஆராவது ஐஸிலை வைப்பினமோ?"

"வைப்பினம் பிள்ளை. அந்த வரி இருக்கட்டும்" என்றேன்.

பூச்சியம் வந்தால் இப்போது நான் உறையை ஒட்டுவதில்லை. முதலில் ஆளுக்குப் போன் எடுப்பேன். வரச் சொல்லி, இருத்தி, நானோ டொக்டரோ வாயால் சொன்ன பிறகுதான் தாள் கைக்குப் போகும். போன் அடிக்கும். சிலர் கெதியில் எடுப்பதில்லை. மறுபக்கத்தில் "ஓம், சொல்லுங்கோ" என்று ஒரு குரல் வரும்வரை நான் அந்தக் கரையில்தான் நிற்கிறேன், மழைத்தண்ணீர் விழுந்த திரையைத் துடைத்துக்கொண்டு.